நான் மனிதர் என்ற கட்டம்

ஆஸ்பத்திரியின் பழைய வார்டுக்குள் நான் நுழைந்தபோது நல்ல மத்தியானம். பேய் என்றால் நடுநிசியில்தான் வர வேண்டுமாம். நான் பார்த்த பேய்க்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. பட்டப்பகலில், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மீதிப் பாதியே உங்களை விளக்கை அணைக்க விடாது.

கூட்டிப் போனவள் என் மருமகள். ஓர் இணையதளம் ஒழுங்காக இருக்கிறதா, சாதாரண மனிதர்களால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. ஆம்புலன்ஸ் கூப்பிட ஆஸ்பத்திரி புதிதாக ஓர் இணையதளம் தயாரித்திருந்தது. அது தேறியது என்று அவள் கையெழுத்துப் போட்டால், அன்று சாயங்காலமே பழைய தொலைபேசி எண்ணைத் துண்டித்துவிடுவார்கள். அப்புறம் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் திரையைத் தட்டித்தான் வண்டி வரவழைக்க வேண்டும்.

"மாமா, சோதனைக்கு வரவேண்டியவர் வரல. நீங்க உக்காருங்க. மனசுல தோணுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணணும்."

"இதுக்குச் சம்பளம் வேறயா? கல்யாணமான நாள்லேருந்து இதை நிறுத்தச் சொல்லித்தானே உன் மாமியார் உயிரை எடுக்கறா!"

"திட்டணும்னா திட்டுங்க. ஆனா நான் உதவ மாட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கறவங்க வாயத் திறக்கக் கூடாது. அதான் விதி."

கட்டில்களை அகற்றிவிட்டு ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மைக் போட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளிருந்து பார்த்தால் என் மூஞ்சிதான் தெரிந்தது. மருந்து நெடிக்கு அடியில் ஏதோ வயர் கருகும் வாசனை.

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

தளத்தைத் திறந்தேன். டாக்டர்கள் சிரித்தார்கள். படம் மாறியது, வேறு டாக்டர்கள் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் பொத்தானைத் தேடியதில் என் கண்ணாடியின் பவர் ஏறியதுதான் மிச்சம். வெள்ளையின் மேல் வெளிறிய சாம்பலில், பக்கத்தின் பாதாளத்தில் ஒளிந்திருந்தது. அதை அமுக்கினால், முதலில் கணக்குத் தொடங்கு என்றது. கடவுச்சொல் வை என்றது. வைத்தால், அதில் ஓர் எண் இல்லை, ஒரு சிறப்புக் குறியீடு இல்லை என்று நொட்டை சொன்னது.

"ஏண்டா, சாகக் கிடக்கிறவன்கிட்ட சிறப்புக் குறியீடு கேக்கறீங்களே, உங்க வீட்டுல பெரியவங்களே கிடையாதா?"

அடுத்து ஒரு சின்னக் கட்டம். 'நான் மனிதர்' என்று எழுதியிருந்தது. டிக் அடித்தேன். டிக் மறைந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி மறைந்தது.

"நான் மனுஷன்தாண்டா!"

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"நானும்தான்."

பெண் குரல்.

என் கைக்கு அடியில் மவுஸ் தானாக நகர்ந்தது. புறங்கையின் மேல் ஈரமான, ஜில்லென்ற இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"இங்க அமுக்கறேன்... அடுத்த பக்கம் வரல. திரும்ப அமுக்கறேன்... வரல. நெஞ்சை அடைக்குது. வண்டி அனுப்புங்க. பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

அந்தக் குரலில் அழுகை இல்லை. சுத்தமான கோபம். விசைப்பலகை மேசையில் கிடந்து தடதடத்தது.

நான் ஓடிய ஓட்டத்தை ஓட்டப்பந்தயக்காரன் எவனாவது பார்த்திருந்தால் வேறு தொழில் தேடியிருப்பான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறையில் மருமகள் ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றாள். அவளும் கேட்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் அவளுடைய மேலாளர். அவர் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

"சார், உங்களுக்கு இந்தக் குரல் தெரியும்," என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சேர்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை நடந்துச்சு. ஒரு அம்மா வீட்டுல இருந்தே பண்ணாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடறதுதானே நாம குடுத்த வேலை? நல்லா நடிக்கறாங்கன்னு நினைச்சோம்."

"கடைசி வரைக்குமா?"

"நடுவுல பேசக் கூடாதுன்னு விதி இருக்கேம்மா..."

ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் புண்ணியவான்கள் உட்கார்ந்து, 'ஈடுபாடு மிக நன்று' என்று மார்க் போட்டிருக்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் பேய் பயம் இருந்த இடம் தெரியாமல் போனது.

"யோவ், நீயெல்லாம் சோறுதான் திங்கறியா?"

"பெரியவரே, மரியாதை! இது மைக் கோளாறு. தளத்துல ஒரு குறையும் இல்ல, குழந்தைகூடப் பண்ணும். இப்பப் பாருங்க. பார்த்துட்டு நீ கையெழுத்தப் போடு," என்று அவளை அதட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவர் டிக் அடித்தார். மறைந்தது.

அடித்தார். மறைந்தது.

அவர் உதடு அசைந்தது. எங்கள் பக்கத்து ஒலிபெருக்கியில் வந்தது அவர் குரல் அல்ல.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

அவர் கை நெஞ்சுக்குப் போனது. கண்ணாடிப் பக்கம் திரும்பினார். எங்களை அவரால் பார்க்க முடியாது. வாய் கோணியது. முகம் நீலம் பாய்ந்தது.

மருமகள் அசையவில்லை. தேவைக்கு அதிகமாக ஒரு கணம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதை நான் கவனித்தேன். பிறகு அறைக்குள் பேசும் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அம்மா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க விலாசம் சொல்லுங்க."



அப்புறம் அவர் வாயிலிருந்து, அந்தப் பெண்ணின் குரலில், ஒரு விலாசம் வந்தது. வீட்டு எண், தெரு, மாடி எல்லாம் நிதானமாக. மருமகள் பழைய எண்ணுக்குப் போன் போட்டு, அந்த விலாசத்துக்கு வண்டி அனுப்பச் சொன்னாள். ஏன் எதற்கு என்று எதுவும் சொல்லவில்லை. மேலாளர் மேசையில் கவிழ்ந்தார். உயிர் இருந்தது. தேம்பித் தேம்பி அழுதார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள், 'இந்தத் தளம் ஆளைக் கொல்லும்' என்று தாள் கிழியக் கிழிய எழுதி, ஆஸ்பத்திரித் தலைவர் மேசையில் கொண்டுபோய் அறைந்தாள். தொலைபேசி எண் பிழைத்தது.

சாயங்காலம் வண்டி திரும்பியது. டிரைவர் எரிந்து விழுந்தபடி இறங்கினார்.

"யாரும்மா போன் பண்ணது? வீடு பூட்டிக் கிடக்கு. அந்தம்மா போய்ச் சேர்ந்து மாசக்கணக்காச்சாம். வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு வரேன்."

பின்கதவைத் திறந்தார். ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் ஒற்றைக் கையால் அதை இழுத்தார்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு உதவிக்கு இன்னோர் ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க அந்த வெறும் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். பாரம் தாங்காமல் அதன் சக்கரங்கள் வார்டு வரைக்கும் கிரீச்சிட்டுக்கொண்டே போயின.