நாலு விரக்கடை உயரம்

பழனியாத்தாள் படியில் உருண்டு விழுந்தபோது காலை மணி பதினொன்று. சிங்காநல்லூர்ப் பக்கத்து டாக்கி ஸ்டுடியோவில் மரத்தால் கட்டியிருந்த அரண்மனைப் படி அது. ராணி வேஷத்தில் இருந்த பெண்ணைப் பேச்சுமூச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படியடியில் அவளுடைய வலதுகால் ஷூ கிடந்தது. அதன் குதிக்கட்டை கழன்று ஓரமாய்க் கிடந்தது.

அரைமணி நேரத்தில் கோட்டைமேட்டு ஷேக் பரீதைப் பிடித்துவந்து உட்காரவைத்துவிட்டார்கள். பின்னே, அந்த ஷூவைச் செய்தவர் அவர்தானே! ஒரே ஷூவுக்கு உயரக் கட்டை ஒரு ஜோடி, குட்டைக் கட்டை ஒரு ஜோடி. வேண்டியதை அடியில் வைத்து, மரையில் திருகிக்கொள்ளலாம். மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வித்தை. இப்போது அந்தப் பெண் செத்துப்போனால் ஜெயில். பிழைத்தாலும், அவர் கைபட்ட செருப்பை இனி எவன் காலில் போடுவான்?

இன்ஸ்பெக்டர் வரதராஜுலு வந்தார். “என்ன பாய், மரை தேஞ்சுபோச்சா?”

“இல்லீங்க எசமான். அல்லா மேல ஆணை. கடைசிவரைக்கும் திருகினா யானை மிதிச்சாலும் கழலாதுங்க.”

“இழுத்துட்டுப் போங்க இவனை! செருப்புல வித்தை காட்டினா இப்படித்தான்” என்று கத்தினார் ஹீரோ காளிச்சாமி. பெரிய பண்ணையக்கார வீட்டுப் பிள்ளை. ஆள் கட்டை, கோபம் மட்டும் நெட்டை. சேனாதிபதி உடுப்புக்கு மேலேயும் பச்சைப் பட்டுக்கரைத் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை.

வரதராஜுலு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், உடுப்பு மாட்டிவிடும் பாப்பாயியைக் கூப்பிட்டார்.

“ஷூவைக் கடைசியாத் தொட்டது யாரு?”

“நானுங்க. உயரக் கட்டையைத் திருகி அறையில வெச்சுபோட்டு, பூ வாங்கப் போனனுங்க. வந்து பாத்தா அம்மணி மாட்டிட்டுப் போயிட்டாங்க.”

“எதுக்கு உயரம்?”

“சேனாதிபதியை விட ராணி நாலு விரக்கடை ஒசரமா நிக்கோணும்னு டைரக்டர் சொன்னாருங்க.”

இன்ஸ்பெக்டர் கழன்ற கட்டையைப் பரீதிடம் நீட்டினார். “நல்லாப் பாருங்க பாய். இது எந்தக் கட்டை?”

பயத்தில் பரீத் அதுவரை அதை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. “குட்டைக் கட்டைங்க!”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இடது ஷூவிலும் குட்டைக் கட்டைதான். அது கெட்டியாய் நின்றது. கழன்றதன் மரையிலிருந்து குண்டூசியால் பச்சை இழை ஒன்றை நெம்பி எடுத்தார் வரதராஜுலு. “உங்க நூலா?”

“நான் மெழுகு நூல்லதாங்க தைப்பேன். இது பட்டுங்க.”

“சரி. எல்லாரும் இந்த ஷூவை ஒருக்கா வாங்கிப் பாருங்க.”

டைரக்டர் வாங்கிப் பார்த்தார். பாப்பாயி வாங்கிப் பார்த்தாள். அடுத்தது காளிச்சாமி. அவர் தோள் துண்டை உருவி, கையில் சுற்றிக்கொண்டு, அதற்குமேல் ஷூவை வாங்கினார்.

“அப்படியே பிடிச்சுக்குங்க” என்றார் இன்ஸ்பெக்டர். துண்டின் கரையில் ஓரிடத்தில் இழை பிய்ந்திருந்தது.

காளிச்சாமிக்கு முகம் செத்துப்போயிற்று.

“கட்டை ஏன் கழண்டுதுன்னுதான் எல்லாரும் பாத்தோம். ஏன் மாறுச்சுன்னு யாரும் கேக்கலை. ராணி குட்டையானா யாருக்கு ஆதாயம்? ஆனா செருப்பைக் கையால தொட உங்களுக்கு மனசு வரலை. துண்டைச் சுத்தித் திருகினீங்க. வலதுல இழை மாட்டிக்கிச்சு. இறுகிப்போச்சுன்னு பாதியிலயே விட்டுட்டீங்க.”

“கொல்லோணும்னு செய்யலீங்க” காளிச்சாமியின் குரல் இறங்கியது. “ஊரே பாக்கற படம். ஒரு பொம்பளைக்குக் கீழ நிக்கறதா?”

உயரக் கட்டை இரண்டும் அவர் அறைப் பெட்டிக்குப் பின்னால் கிடைத்தன.

அந்நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். பழனியாத்தாளுக்கு நினைவு தெளிந்துவிட்டதாம். ஆனால் தொடையெலும்பு நொறுங்கியிருக்கிறது. கூடினாலும் வலதுகால் குட்டையாகத்தான் இருக்குமாம்.

“நீங்க வீட்டுக்குப் போலாம் பாய்” என்றார் வரதராஜுலு.

பரீத் எழுந்திருக்கவில்லை. தப்பித்தோம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேஸ் முடிஞ்சதும் அந்த ஷூவை என்கிட்டயே குடுத்துருங்க எசமான்.”

“எதுக்கு?”

“வலதுக்கு உயரக் கட்டை, இடதுக்குக் குட்டைக் கட்டை போட்டுக் குடுக்கறனுங்க. அம்மணி நொண்டாம நடக்கோணும்.”