சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"கோட்டைத் தாண்டாதீங்க."

தூறலில் தீவன லாரியை விட்டுக் குதித்த டிரைவர் சபரிநாதன் அப்படியே நின்றான். பண்ணை கேட்டுக்கு முன்னால் வெள்ளையாய் ஒரு சுண்ணாம்புக் கோடு. அந்தப் பக்கம், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்... அம்மாடி, என்ன முறைப்பு.

"எனக்கென்னங்க சீக்கா?"

"உங்களுக்கில்லீங்க. எங்க கோழிக்கு வந்துரும். உங்கூட்டுல கோழி இருக்குதுங்களா?"

"பன்னெண்டு நாட்டுக்கோழி."

"அப்ப நோய் ஓஞ்சாலும் உங்களுக்கு உள்ள இடமில்லீங்க. பண்ணை ரூலு."

பிரவீனா அந்தப் பண்ணையின் சூப்பர்வைசர். நாமக்கல் பக்கம் கோழி நோய் பயம் கிளம்பியதிலிருந்து, ஒரு மாதமாக அவளும் ஆறு ஆட்களும் வெளியே போகவில்லை. தோழி இனியாவின் கல்யாணத்தைக்கூட போனில்தான் பார்த்தாள். ஞாயிறு சாயங்காலமானால் போதும், கேட்டருகே வந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆனால் நாற்பதாயிரத்தில் ஒரு கோழிகூட விழவில்லையே... அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

தீவன மூட்டைகளுக்கு மருந்தடித்து உள்ளே ஏற்ற ஒரு மணி நேரமாகும். சும்மா இருப்பானா அவன்? செங்கல் துண்டால் தரையில் கட்டம் கீறினான்.

"ஏனுங்க, ஆடுபுலி வருமா?"

அவளும் தன் பக்கம் அதே கட்டத்தைக் கீறினாள். அவன் சொன்ன இடத்துக்குப் புலியை அவள் நகர்த்தினாள். அவள் சொன்ன இடத்துக்கு ஆட்டை அவன் நகர்த்தினான். மூன்று நாளைக்கொரு லோடு, லோடுக்கொரு ஆட்டம். லோடு வரும் நாளில் அவள் கண்ணுக்கு மை வந்தது. மாஸ்க்குக்கு மேலே வேறென்ன தெரியும்?

ஒரு ஞாயிறு அவன் கேட்டான்.

"ஒரு மணி நேரம் வெளிய வாங்க. முக்குக் கடையில டீ குடிச்சுப்போட்டு வந்தரலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

ஆசைதான்... கொள்ளை ஆசை.

"எனக்குத் தெரியுமுங்களே."

"என்னைவிடக் கோழிதான் பெருசுங்களா?"

"ஆமாங்க."

அடுத்த லோடுக்கு வேறு டிரைவர் வந்தார். அதற்கடுத்ததற்கும் அவரேதான். மழை கரைத்த கோட்டைப் பிரவீனா மறுபடி போட்டாள். ஆட்டையும் புலியையும் தானே நகர்த்தினாள். அழுகை வந்தது. ஆனாலும் போகாதது சரி என்றே மனசு சொன்னது.

அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் கழித்துக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அன்று காலையிலேயே கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் நின்றது.

"பன்னெண்டு கோழியையும் நீங்க வரமாட்டேன்ன அன்னைக்கே மாமன் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டனுங்க," என்றான் சபரிநாதன். "மூணு வாரமா அம்மா என்னோட பேசறதில்லை. அன்னைக்கு நான் கூப்பிட்டது தப்புங்க. அந்த வெக்கத்துலதான் லோடுக்கு வரலை. நீங்க வந்திருந்தா... எனக்கு இத்தனை புடிச்சிருக்காது. உங்களையே கட்டிக்கோணும்னு இருக்குதுங்க."

பிரவீனா மாஸ்க்கைக் கழற்றினாள். அவள் சிரிப்பை அவன் முதல்முறையாகப் பார்த்தான்.

"எனக்கும் அப்படித்தானுங்க," என்றாள். "ஆனா சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுத்தான் உள்ள."

அவள் நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டு, அவன் கோட்டைத் தாண்டினான்.