கறுப்புக் குடையில் பெய்தது

“கதவை மூடிட்டுத்தானே கல்லைத் தேய்க்கிறேன்!”

“கதவுக்குக் கீழே எவ்வளவு சந்து இருக்குன்னு—”

“துணி அடைச்சிருக்கேன். என் கண்ணுக்கு ஒரு தூசியும்—”

“கண்ணுக்குத் தெரியாததுதான் உள்ளே போய்—”

அப்பாவால் முடிக்க முடியவில்லை. இருமல் வந்துவிட்டது. வந்தால் லேசில் விடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அம்மா ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சண்டையை மட்டும் விடவில்லை. “இருக்கிறது ரெண்டு அறை. ஒண்ணுல சக்கரம். பிள்ளையோட தொட்டிலை என் தலையிலயா கட்டிக்கிறது?”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

“அப்பாவைப் பார்த்து நீயும் பழகிட்டியா?” என்றாள் அம்மா.

அகேட் கல்லைத் தேய்த்து மணியாக்குவதுதான் அந்த வீட்டின் பிழைப்பு. கோடு கோடாக இருந்தால் வரிக்கல். உள்ளே பாசி படர்ந்தாற்போல இருந்தால் பாசிக்கல். வட்டத்துக்குள் வட்டமாக உங்களையே முறைத்தால் கண்கல். எல்லாமே அகேட்தான். பதினாறு வருடம் அப்பா தேய்த்தார். மூச்சு போதாமல் போனதும், போன மாதத்திலிருந்து அம்மா அந்தச் சாணைச் சக்கரத்தை மிதிக்கிறாள்.

தொட்டிலில் ஐந்து மாதத் தம்பி. வீட்டில் அவன் பெயர் உருண்டை. நான்காம் வகுப்பு படிக்கும் அக்காவுக்கு அப்பா வைத்த பெயர் கேள்விக்குறி.

மறுநாள் பள்ளி விடுமுறை. கேள்விக்குறி அப்பாவின் கறுப்புக் குடையைத் துடைத்து, விரித்து, தொட்டிலுக்கு மேலே கயிற்றில் கட்டினாள்.

“என்னடி இது? வீட்டுக்குள்ள மழையா?”

“சாயங்காலம் சொல்றேம்மா.”

“குடையைப் பார்த்து உருண்டையே சிரிக்கிறான் பாரு” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் வெளியே வந்தபோது அம்மாவின் புருவம் வெள்ளையாக இருந்தது. கேள்விக்குறி குடையின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரல் போன வழியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மற்ற இடமெல்லாம் மாவு சலித்தாற்போல இருந்தது.

“மழை இல்லைம்மா. இதுதான் பெய்யுது.”

அம்மா தொட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கி, அவன் மூக்கை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“தேய்க்காம விட்டா அடுப்பு எரியாதே” என்றாள் கடைசியில்.

“அப்பா, அகேட்னு ஏன் பேர் வந்துச்சு?” என்று கேட்டாள் கேள்விக்குறி.

“ஏதோ ஒரு ஆத்தோட பேராம். அந்தக் கரையில கிடைச்சதாம். இப்ப எதுக்கு இது?”

“ஆத்துல உருண்டு உருண்டு எத்தனை வருஷம் தேஞ்சிருக்கும்? அப்போ தூசி பறந்துச்சா?”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “தண்ணி விட்டும் தேய்க்கலாம். ஆனா கை வழுக்கும். ஒவ்வொரு தடவையும் துடைச்சுத்தான் கல்லைப் பார்க்கணும். பாதி மணிதான் ஆகும். வியாபாரி மூஞ்சியைத் தூக்குவார். அதனாலதான் நான்...”

“அவர் மூஞ்சி, அவர் தூக்கிக்கட்டும்” என்றாள் அம்மா.

ஜன்னலில் அப்பாவின் காலி இருமல் மருந்து பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மறுநாள் காலை கேள்விக்குறி ஒன்றைக் கழுவி, அடியில் ஊசியால் ஓட்டை போட்டாள். அம்மா அதில் தண்ணீர் நிரப்பிச் சக்கரத்துக்கு மேலே தொங்கவிட்டாள்.

சொட்டு. சொட்டு. தூசி பறக்கவில்லை. சேறாகிக் கீழே இருந்த சட்டிக்குள் வழிந்தது. அம்மாவின் கை இரண்டு முறை வழுக்கியது. திட்டிக்கொண்டே தேய்த்தாள். சேறு காய்வதற்குள் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அன்று மாலை, துடைத்து வைத்திருந்த குடையில் அம்மாவே விரலை இழுத்துப் பார்த்தாள். கோடு விழவில்லை.

“சுத்தக் கறுப்பு!” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பாவும் சிரித்தார்.

கேள்விக்குறி முக்காலியில் ஏறிக் குடையை அவிழ்த்தாள். அப்போதுதான் தொட்டில் தொங்கும் இரும்புக் கொக்கியைப் பக்கத்தில் பார்த்தாள். கயிறு உராய்ந்து உராய்ந்து ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஐந்து மாதத்தில் தேய்கிற தேய்மானம் இல்லை அது.

லேசாக இருமிவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, நான் குழந்தையா இருந்தப்போ என் தொட்டிலையும் இங்கேதான் கட்டியிருந்தீங்களா?”