லாவெண்டர் மணந்த மாடியறை

டென்மார்க்கின் விபோர்க் ஊரைத் தாண்டிப் பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து பத்து நிமிட நடை. மஞ்சள் செங்கல் வீடு. வாசலில் ஆறு ஜோடி ரப்பர் காலணிகள் வரிசையாக இருந்தன. யூட்டே தன் பெயர் எழுதியதைத் தேடி மாட்டிக்கொண்டாள். நவம்பர் மாதம். மணி எட்டாகியும் வெளிச்சம் முழுதாக வந்திருக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அடுப்பில் பற்றிய தீ அந்த வீட்டின் கீழ்த்தளத்தைத் தின்றிருந்தது. குடியிருந்தவர்கள் தப்பி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். சேதமான கட்டடங்களைச் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்று அதை வாங்கி, கரியும் ஈரமுமாக அப்படியே பயிற்சிக்கு வைத்துக்கொண்டது. எந்த நாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அகற்றுவது என்று, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு நான்கு நாள் பாடம்.

பாடம் நடத்தியவள் மலேனே. முப்பத்திரண்டு வயது, ஒட்ட வெட்டிய முடி.

"காலையில காபி குடிச்சது யாரு? பொய் சொல்லாம கை தூக்குங்க."

ஃப்ரோதே மட்டும் தூக்கினான். ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய உருவம். "இருபது வருஷம் பேக்கரியில கிடந்தவன் நான். காபி ஊத்தலைன்னா என் மூக்கு வேலைக்கே வராது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைலேர்ந்து வெறும் தண்ணி. வாசனை சோப்பு கூடாது, சென்ட் கூடவே கூடாது," என்றாள் மலேனே. "நாத்தம்னா ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். எங்கேருந்து வருதுன்னு தேடிப் போய் அதை எடுக்கணும். மேல சென்ட் அடிச்சு மூடுறதெல்லாம் இந்தத் தொழில்ல அசிங்கம்."

யூட்டேவின் காது மடல்கள் சூடாயின. அவள் குனிந்து காலணியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள்.

முதல் பயிற்சி எளிதானது. ஒவ்வொருவராக, தனியாக, வீட்டைச் சுற்றி வர வேண்டும். எந்த அறையில் என்ன நாற்றம், அது எங்கிருந்து வருகிறது என்று தாளில் எழுத வேண்டும். மூக்கு மரத்துப்போனால் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் தொடர வேண்டும்.

யூட்டே கடைசியாக உள்ளே போனாள். கூடத்தில் பழைய புகை. சுவர்க் காகிதத்துக்குப் பின்னால் இருந்தது. சமையலறையில் கருகிய கொழுப்பு. நிலவறையில் ஈரப் பூஞ்சை. எல்லாவற்றையும் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவள், மூக்கு கூர்மையானது.

மாடிப்படி பாதியில் அவள் கால் நின்றது.

லாவெண்டர்.

முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து மூச்சிழுத்தாள். வேர்வையும் கம்பளியும் மணத்தன. தலை தூக்கினாள். மறுபடியும் லாவெண்டர். அதற்கு அடியில், மெல்லிய இழையாக, வேறொன்று. மூத்திரம்.

மாடியில், நடைவழியின் கோடியில், ஓர் அறை. காலையில் எல்லோருக்கும் திறந்து காட்டிய வெற்று அறை. இப்போது அதன் கதவு சாத்தியிருந்தது.

கதவுக்குப் பின்னால், தரையை ஒட்டி, யாரோ இருமினார்கள்.

பலமான இருமல் இல்லை. தொந்தரவு கொடுத்துவிடக் கூடாதே என்று அடக்கி, அடக்க முடியாமல் வந்த இருமல்.

அந்த இருமல் யூட்டேவுக்குத் தெரியும்.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. அடுக்குமாடிக் குடியிருப்பில், எதிர் வீட்டு எல்னாவின் கதவருகே மூத்திர நாற்றம் அடித்தது. எண்பது வயதுக் கிழவி. படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி. அன்றைக்குப் பார்த்து, யூட்டேவின் மகளை மணக்கப் போகிறவனின் பெற்றோர் முதன்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். மானம் போய்விடுமே என்று யூட்டேவுக்கு ஆத்திரம் வந்தது. எல்னாவின் கதவில் தபால் போடும் துவாரத்தின் தகட்டைத் தூக்கி, லாவெண்டர் ஸ்ப்ரேயை விரல் வலிக்கும்வரை உள்ளே அடித்தாள். உள்ளே யாரோ இருமினார்கள். தகட்டை விட்டுவிட்டு வந்தாள். 'உங்க படிக்கட்டே மணக்குதே' என்றார்கள் விருந்தாளிகள்.

ஒன்பது நாள் கழித்துப் பூட்டை உடைத்தார்கள். எல்னா நடைவழியில், கதவுக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தாள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள் இரண்டு மூன்று நாளாவது உயிரோடு இருந்திருப்பாள் என்று மருத்துவர் போலீஸ்காரரிடம் சொன்னது யூட்டேவின் காதில் விழுந்தது. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டைச் சுத்தம் செய்ய வந்த இரண்டு பேருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். உங்கள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

யூட்டே அந்தக் கதவைத் திறக்காமல் மாடியை விட்டு இறங்கி ஓடினாள். தாளில் மாடியறைக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.

அரை மணி கழித்து விடைகளைச் சரிபார்க்க எல்லோரும் மாடியேறினார்கள். அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெறும் பலகைத் தரை.

மலேனே வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரு இங்க சென்ட் அடிச்சது?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் திட்ட மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"என்னைப் பாக்காதீங்க," என்றான் ஃப்ரோதே. "என்மேல காபி வாசனைதான் அடிக்கும். யூட்டே அம்மணி, கடைசியா வந்தது நீங்கதானே?"

ஆறு தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"நான் இல்ல," என்றாள் யூட்டே.

உண்மைதான். ஆனாலும் பொய் சொன்னதுபோல் நாக்கு கசந்தது.

மலேனே அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி, விடுங்க. ஓசோன் கருவியை நாளைக்குக் காட்டலாம்னு இருந்தேன். இன்னிக்கே காட்டிடுறேன்."

கருவியை மாடியில் வைத்து, வீட்டின் கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் நாடாவால் ஒட்டினார்கள். 'உள்ளே வராதீர், நச்சு வாயு' என்று அட்டை மாட்டினாள் மலேனே. கருவி விடும் ஓசோன் வாயு நாற்றத்தை அழிக்கும், நுரையீரலையும் அரிக்கும். விசை வெளியே இருந்தது. அதைத் தட்டினாள். எல்லோரும் பனி படிந்த புல்வெளியில் நின்று ரொட்டியும் மீனும் தின்றார்கள்.

முதலில் கேட்டவன் ஃப்ரோதே.

"உஷ்ஷ்."

மாடியிலிருந்து இருமல்.

"உள்ள யாரோ இருக்காங்க," என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

மலேனே தலைகளை எண்ணினாள். ஆறு. தன்னோடு ஏழு. மறுபடி எண்ணினாள். விசையை அணைத்தாள். "யாரும் கதவைத் தொடாதீங்க. வாயு இன்னும் கலையல. வண்டியில முகமூடி இருக்கு, எடுத்துட்டு வரேன்."

இருமல் நிற்கவில்லை. இப்போது அதில் மூச்சுத் திணறல் இருந்தது.

அப்புறம் மரத்தில் நகம் பிராண்டும் ஓசை.

யூட்டே ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு நாடாவைக் கிழித்தாள். ஃப்ரோதே பின்னாலிருந்து அவள் சட்டையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? செத்துப்போவ!"

அவள் உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

மாடிப்படி முடிவதற்குள் தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஓசோனின் கூர்மைக்கு நடுவிலும் லாவெண்டர் குறையவே இல்லை. கோடி அறையின் கதவு மறுபடி சாத்தியிருந்தது.

மண்டியிட்டாள்.

"எல்னா," என்றாள். இருமல் அவளையும் பிடித்துக்கொண்டது. "எல்னா, நான்தான். எதிர் வீட்டு யூட்டே. நான்தான் அடிச்சேன். நீங்க இருமினது எனக்குக் கேட்டுது. கேட்டும் போயிட்டேன்."

பிராண்டல் நின்றது.

கைப்பிடியைத் திருப்பித் தள்ளினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

எதிலோ மெத்தென்று முட்டி நின்றது.

"மெதுவா," என்றது ஒரு குரல், அவள் முழங்கால் உயரத்திலிருந்து. "வலிக்குது."

யூட்டே கையை எடுக்கவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் அப்படியே இருந்தாள். முகமூடி போட்ட மலேனே பின்னாலிருந்து அவளை அள்ளி இழுத்தபோது கதவு தானாக முழுதும் திறந்துகொண்டது. உள்ளே தரையில் ஒன்றுமில்லை.

புல்வெளியில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சு சீரானதும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை, விருந்தாளிகள், ஸ்ப்ரே, இருமல். யாரையும் பார்க்காமல், புல்லைப் பார்த்துச் சொன்னாள். ஒருத்தி எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மற்றவர்கள் நகரவில்லை.

கடைசியில் மலேனேதான் கேட்டாள். "அவங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"ஆல்போர்க்ல தம்பி மக ஒருத்தி இருக்கா."

"அவகிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"சொல்றேன்," என்றாள் யூட்டே. சொல்லும்போதே பயமாக இருந்தது.

அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. மூன்று மணிக்கு ஃப்ரோதே தன் காரில் அவளை வீட்டில் விடுவதாகச் சொன்னான். முன்னிருக்கையில் அவள், பின்னிருக்கை காலி. வழியெல்லாம் அவன் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வேகத்தடை வந்த இடங்களில் காரை ஊர்ந்துபோக விட்டான், உடம்புக்கு முடியாதவர்களை ஏற்றிப் போகிறவன் மாதிரி.

அவள் குடியிருப்பின் வாசலில் நிறுத்தினான். யூட்டே நன்றி சொல்லி இறங்கினாள். அவனும் இறங்கினான்.

காரைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை லேசாக நீட்டியபடி, வயதானவர்கள் இறங்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தான்.

வெகுநேரம் காத்திருந்தான்.

பிறகு கதவை மெல்லச் சாத்தினான். யூட்டேவின் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டான்.

யூட்டே நுழைவாசலைத் திறந்து, அது மூடிவிடாமல் முதுகால் தாங்கி நின்றாள். ஏதோ ஒன்று அவள் கோட்டை உரசிக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் படிக்கட்டின் கைப்பிடிப் பக்கத்தை விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, அவள் மாடியேறத் தொடங்கினாள்.