பச்சை பூசிய சரிவு

காலையில் நன்றாகச் சாத்த முடிந்த வாசல் கதவு மதியம் சாத்த வரவில்லை.

"மழைல ஊதிருக்கும், விடு" என்றாள் அக்கா. புது வீட்டைப் பார்க்க வந்த தம்பிக்குப் பயணக் களைப்பே தீரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஆமா" என்றான். பிறகுதான் உறைத்தது. அது இரும்புக் கதவு.

எதிர்ச் சுவரில் அவன் தயாரித்த வரைபடத்தை மாமா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். நாட்டில் எங்கெங்கே நிலம் சரியும் என்று சிவப்பு, மஞ்சள், பச்சையில் காட்டும் படம். நிலவியல் துறையில் இருபத்திரண்டு வருடம் மலை மலையாக ஏறி, முழங்கால் தேய்ந்ததற்கு மிச்சம் அதுதான். வடக்கே ஒரே கல்லாக நிற்கும் மலைகள். எவ்வளவு பெய்தாலும் இரண்டு பாறை உருளும், அவ்வளவுதான். மேற்கே கல் மக்கி முப்பதடி மண்ணாகிப்போன மலைகள், மூன்று நாள் மழைக்குத் தாங்காது. இந்தப் பக்கத்து மலைகள்தான் கமுக்கமானவை. மேலே கெட்டிப் பாறை, அடியில் விரல் கனத்துக்குக் களிமண். அடுக்குகள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், ஈரம் இறங்கியதும் சரிவு மொத்தமாக வழுக்கும்.

இந்தச் சரிவில் மட்டும் அவன் ஏறவில்லை. அளவெடுப்பின் கடைசி நாள், கால் வீங்கியிருந்தது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே எதிர்மலையைப் பார்த்தான். அங்கே அடுக்குகள் மலைக்குள்ளே சாய்ந்திருந்தன, பயமில்லை. அதே சாய்வு பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வெளியே, பள்ளத்தைப் பார்த்து இருக்கும் என்பது கல்லூரியில் முதல் வருடப் பாடம். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. இதற்கும் பச்சை பூசினான். அந்தப் பச்சையை நம்பி நாற்பது வீடுகள் வந்துவிட்டன, அக்கா வீடு உட்பட.

வெளியே மூன்றாம் நாள் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு அடியில், அரிசி அரைபடுவதுபோல் வேறொரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பச்சை மண்ணின் வாடை, புதிதாகத் தோண்டிய குழியின் வாடை, தரையிலிருந்தே வந்தது.

"பின்னாடி ஊத்துல காலைலேர்ந்து தண்ணியே வரலடா. இந்த மழைல! அதிசயமா இல்ல?"

அவன் எழுந்துவிட்டான். வெளியே வராத தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது.

"அக்கா, கிளம்பு. மாமாவ எழுப்பு."

"நல்லா இருக்கே! படம் போட்டவனே ஓடினா ஊரு சிரிக்காது?"

"நான் இந்தப் பக்கம் ஏறவே இல்லக்கா. ஏறாமலே போட்டேன்."

அக்கா அவனை ஒருமுறை பார்த்தாள். மாமா தூங்கும் பின்னறைக்கு ஓடினாள். அறைக் கதவு அவளுக்குப் பின்னால் தானாக அறைந்து சாத்திக்கொண்டது.

திறக்கவில்லை.

"தம்பி, இறுகிப்போச்சுடா. தள்ளு."

தள்ளினான். தோளால் இடித்தான். நிலை கோணிக்கொண்டு கதவைக் கவ்வியிருந்தது. அப்போது கீழ்ப்பக்கத்து வீடுகளிலிருந்தும் கேட்டது. தட். தட். யாரோ கதவை இடிக்கிறார்கள். அடுத்த வீட்டிலும். அதற்கடுத்ததிலும்.

அரைபடும் சத்தம் நின்றது.

வெளியே போய்ப் பின்னறை ஜன்னல் வழியாக அவர்களை இழுக்கலாம் என்று சமையலறைப் பக்கம் ஓடினான். அங்கிருந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி தள்ளி, மேட்டில், தகரக் கூரைக்கு அடியில் அக்காவின் துணிக்கொடி. துணி காயப்போட அவ்வளவு தூரம் ஏற வேண்டியிருக்கிறது என்று காலையில்தான் அலுத்துக்கொண்டாள்.

இப்போது கொடி பத்தடியில் இருந்தது.

கம்பங்கள் சாயவில்லை. கூரை கலையவில்லை. புல்லோடு, வேலியோடு, மேடு அப்படியே வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"தள்ளுடா தம்பி" என்றாள் அக்கா, கதவுக்குப் பின்னாலிருந்து.

கொடியில் மாமாவின் வெள்ளைச் சட்டைகள். ஆடக்கூட இல்லை. ஒரு சட்டையின் கை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மெதுவாக உள்ளே நுழைந்தது.