மார்கழிக்கு அனுப்பிய வெயில்

மார்கழி ஆறாம் தேதி, விடியற்காலை ஐந்தரை மணி. வேலூரில் நாற்பத்து நான்கு டிகிரி. வாசலில் கோலம் போடப் போன மேகலை, நாலு புள்ளி வைப்பதற்குள் மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“ஏங்க, தரையில காலு வெக்க முடியல. எல்லாம் நீங்க பண்ண வேலை!”

கணவர் தணிகாசலம் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார். அவர் பண்ணிய வேலைதான்.

இருபது வருடங்களுக்கு முன் காலங்கடத்தி என்கிற புது ஏசி வந்தபோது ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பழைய ஏசி, அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டும். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். காலங்கடத்தி அப்படியில்லை. வெப்பத்தை உறிஞ்சி, இருபது ஆண்டு தள்ளி, அதே சுவருக்கு வெளியே இறக்கிவிடும். எந்த மாதம், எந்த நேரம் என்று நாம் சொன்னால் போதும்.

தணிகாசலம் மூளைக்காரர். “குளுர்ற நேரத்துக்கு அனுப்புனா யாருக்குக் கஷ்டம்? மார்கழி விடியக்காலைன்னு போடுங்கய்யா. பஜனைக்குப் போறவங்க நம்மள வாழ்த்துவாங்க” என்று தெரு முழுக்கச் சொன்னார். தெருவும் போட்டது. அடுத்த தெருவிலும் ஒரு மூளைக்காரர் இருந்திருக்கிறார். தெருவுக்கு ஒருவர் இருந்திருக்கிறார். வேலூரின் கத்திரி வெயில் மொத்தமும் ஒரே மாதத்துக்கு முன்பதிவானது.

இந்த வருடம் அது வந்து இறங்கியது. இறங்குகிற நேரம் பார்த்து, வீட்டிலிருந்த கிழட்டுக் காலங்கடத்தியும் உயிரை விட்டது.

உள்ளறையில் மகள் நிறைமதி, பிறந்து மூன்றே நாளான பெண் குழந்தையை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். குழந்தையின் முதுகு செக்கச் சிவந்திருந்தது. ராத்திரியிலிருந்து பால் குடிக்கவில்லை. அழத் தெம்பில்லாமல் முனகியது. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடமில்லையாம். ‘உடனே அறையைக் குளிர்ச்சியாக்குங்கள்’ என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்கு மெக்கானிக் சகாயம் வந்தான். பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிப் பதிவேட்டைத் தட்டினான்.

“இன்னிக்கு எறங்கிக்கினு இருக்கறது சித்திரை பன்னெண்டாந் தேதி வெயில் சார். அன்னிக்கு முழு நாளும் ஓட்டியிருக்கீங்க.”

மேகலைக்கு நினைவு வந்துவிட்டது. “மதிக்கு அம்மை போட்டிருந்தப்போ. நாலு வயசு. ஒடம்பெல்லாம் எரியுதுன்னு கத்துச்சே!”

தணிகாசலம் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று மகளிடமிருந்து விரட்டிய அதே வெயில்தான் இன்று பேத்தியைச் சுடுகிறது.

“இந்தச் சனியனே வேணாம்பா. தெருவுல கொட்ற பழைய மாதிரியே ஒண்ணு மாட்டு. திட்டு வாங்கிக்கிறேன்.”

“வெளியிலயே இவ்ளோ கொதிக்குது சார். அது அரை மணி நேரத்துல படுத்துடும். இன்னிக்கு வேலைக்கு ஆவறது புதுக் காலங்கடத்தி ஒண்ணுதான். நாப்பது வருஷம் தள்ளும்.” சகாயம் தலையைச் சொறிந்தான். “ஆனா புதுச் சட்டம் வந்துருக்கு. போன தடவ மாதிரி சும்மா மாசம் மட்டும் போட்டுட்டு வர முடியாது. யாரு தலையில விடியப் போவுதுன்னு பேரு சொல்லணும். வாங்கிக்கிறவங்க இந்தக் குடும்பமா இருக்கணும்.”

“என் பேரப் போடு. பண்ணது நான்தானே?”

“நாப்பது வருஷம் கழிச்சு உங்களுக்கு நூறைத் தாண்டிடும் சார். அன்னிக்கு அறுபது வயசுக்குள்ள இருக்கறவங்களத்தான் மிஷின் ஏத்துக்கும்.”

“அப்போ என் பேரு” என்றாள் நிறைமதி, எழுந்து வந்து.

“உங்களுக்கு இருபத்தி நாலு. அன்னிக்கு அறுபத்தி நாலு ஆயிடும்மா.” சகாயம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒருத்திதான்.

“முப்பதாம் நாள் தொட்டில்ல போட்டுத்தானே பேரு வெப்போம்” என்றாள் மேகலை, யாரிடம் என்றில்லாமல்.

தணிகாசலம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் மதி. நான் பண்ண தப்ப நீயும் பண்ணாத. வேற வழி பாக்கலாம்.”

“இந்தப் பாவத்த நான் சுமந்துக்கறேன்ப்பா. நீங்க அன்னிக்கு யோசிச்சிக்கினு நின்னிருந்தா நான் பொழச்சிருப்பனா?” அவள் குழந்தை கிடந்த பக்கம் கையைக் காட்டினாள். “இவளும் நாப்பது வருஷம் கழிச்சு என்னைத் திட்டட்டும். திட்றதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும்.”

சகாயம் புதுப் பெட்டியை மாட்டி முடித்தான். ‘பெறுபவர் பெயரை மூன்று முறை சொல்லவும்’ என்று திரை கேட்டது. நிறைமதி சுவரோடு சாய்ந்து, பெட்டியின் சல்லடைத் துளையருகே வாயை வைத்தாள். குழந்தையின் காதில் சொல்வதற்காக மாதக்கணக்கில் மனசுக்குள் பொத்தி வைத்திருந்த பெயர்.

“அமுதினி. அமுதினி. அமுதினி.”

அறை குளிர்ந்தது. கால் மணி நேரத்தில் முனகல் நின்றது. குழந்தை வாய் தேடிப் பால் குடித்தது. மேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சிறிய போர்வையை எடுத்து வந்தாள். தணிகாசலம் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

“நன்றி, அமுதினி” என்றது பெட்டி. “தங்கள் வெப்பம் பத்திரமாக வந்து சேரும்.”

அந்தக் குழந்தையை இந்த உலகத்தில் முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான்.