ஐந்திலிருந்து ஆறு வரை

லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாவது மாடியும் இல்லை, இரண்டாவது மாடியும் இல்லை... இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. அவள் கையில் இன்னும் சூடு ஆறாத முந்நூறு தாள்கள். அவள் கிளார்க்காக இருக்கும் தொடக்கப் பள்ளியின் குளிர்காலச் செய்தி மடல். நாலாவது மாடி ஜெராக்ஸ் கடையில் அப்போதுதான் எடுத்தது.

மணியை அமுக்கினாள். கதவைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதபடி வரும் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்கிற 'ஆபீஸ் அக்கா' இப்படியா நடுங்குவாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உள்ள யாரு?" கதவுக்கு வெளியே ஓர் ஆண் குரல்.

"நான்தான்..."

"நான்தான்னா யாருங்க? சரி, யாரா இருந்தாலும் பயப்படாதீங்க. ரிப்பேர்காரன் வந்துட்டேன். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?"

"ஒன்பதுன்னு சொன்னா பரவாயில்லையா?"

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் பயம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

"கையில ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"பேப்பர்."

"சத்தமா படிங்க. நான் வேலை பாத்துக்கிட்டே கேக்குறேன். சும்மா நின்னா மனசு எங்கெங்கயோ போகும். தினம் பாக்குறேன் இல்ல..."

போன் வெளிச்சத்தில் அவள் படித்தாள். குரல் முதலில் தந்தியடித்தது. "குளிர் அதிகமாக இருப்பதால் இருபதாம் தேதி முதல் பள்ளி அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். குழந்தைகளின் கையுறைகளில் பெயர் எழுதி அனுப்பவும். அலுவலகத்தில் தற்போது பதினேழு ஒற்றைக் கையுறைகள் உள்ளன..."

"பதினேழும் ஒத்தையா?"

"ஒண்ணுக்குக்கூட ஜோடி கிடையாது."

"அடப் பாவமே" என்றது குரல். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறோமே என்று அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். அடுத்த பத்தியைத் தெளிவாகவே படித்தாள். "குடும்ப நிதி. மாலை வகுப்புக்கு நகராட்சி தரும் உதவித் தொகை, படிவம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே ஜனவரியிலிருந்து கிடைக்கும். படிவம் தராதவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் இடம் இருக்காது..."

வெளியே பேச்சு நின்றுபோனது. ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குறீங்களா?"

"ம்."

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது. கதவு விலகியது. மழையில் நனைந்த தலை, கிரீஸ் படிந்த கை... அப்புறம் அந்தக் கண்கள். பதறிக்கொண்டிருக்கும் யாரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிற கண்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

நன்றி சொல்லவில்லையே என்று தெருவுக்கு ஓடி வந்து பார்த்தாள். மழைதான் இருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் காதில் அந்த 'அடப் பாவமே' கேட்டுக்கொண்டே இருந்தது. முகத்தைவிடக் குரல்தான் முன்னால் வந்து நின்றது. இதற்கு என்ன பெயர் என்று படிக்கிற உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதாம்...

திங்கட்கிழமை மாலை வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஐந்து மணிக்குள் எல்லாப் பிள்ளைகளையும் யாராவது வந்து கூட்டிப்போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. இரண்டாம் வகுப்பு. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் பள்ளி முழுக்க அவளுக்குப் பட்டாணி என்றுதான் பெயர்.

"உன்னைக் கூப்பிட யாரு வருவாங்க?"

"மாமா. யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா மாமாவுக்கு லேட் ஆகும்."

அவள் வாசலையே பார்க்கத் தொடங்கினாள். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக அவன் நின்றான்.

"ஒன்பது நிமிஷம்னு சொன்னீங்க. பதினாலு ஆச்சு" என்றாள், எடுத்த எடுப்பிலேயே.

"உள்ள இருந்தும் மணி பாத்தீங்களா? நீங்க அழுதுட்டு இருக்கீங்கன்னுல நெனச்சேன்."

"நான் ஒண்ணும் அழல."

"சரி, அழல" என்று அவன் ஒத்துக்கொண்ட விதத்தில் கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லை. பட்டாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்படித்தான் தொடங்கியது. ஐந்திலிருந்து ஆறு வரை என்று ஒரு மணி நேரம் அவளுடைய நாளில் புதிதாக முளைத்தது. காலையில் தலை வாரும்போதே அது நினைவுக்கு வரும். ஆறு மணிக்கு வருகிறவன் ஐந்தரைக்கு வரத் தொடங்கினான். மழை விடட்டும் என்று போர்டிகோவில் நிற்பான். மழை விட்ட பிறகும் நிற்பான்... எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எவ்வளவு திமிர் என்று சொல்வான். அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். நடுவில் கண் சந்தித்துவிட்டால் இருவருக்கும் பட்டாணியின் வீட்டுப்பாடத்தில் திடீர் அக்கறை வந்துவிடும்.

அவனைப் பற்றிப் பள்ளிப் பதிவேட்டில், பட்டாணியின் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். தாய் இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். தந்தை இல்லை. பாதுகாவலர்: தாய்மாமன், திருமணம் ஆகாதவர். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவள் எத்தனை தடவை படித்தாள் என்பதைச் சொன்னால் நன்றாக இருக்காது.

படிவம் மட்டும் வரவில்லை. முதல் தடவை கேட்டபோது, "பாக்கலாங்க" என்றான். இரண்டாம் தடவை மறந்துவிட்டதாகச் சொன்னான். மூன்றாம் தடவை அவன் சிரிக்கவில்லை.

"வேணாங்க. கை நீட்டி வாங்கி எனக்குப் பழக்கமில்ல."

"இதுல கை நீட்ட என்ன இருக்கு? நீங்களும் வரி கட்டுறீங்க இல்ல, அந்தப் பணம்தான்."

"இருக்கட்டும். வேற யாருக்காவது போகட்டும்."

மறுநாள் பட்டாணி பென்சில் சீவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஜனவரியில மாலை வகுப்பு இல்லைன்னா நான் பெரியப்பா வீட்டுக்குப் போயிடுவேன். ரயில்ல ஏழு மணி நேரம். மாமா ராத்திரி அவங்ககூட போன்ல பேசிச்சு."

அவளுக்குச் சுரீர் என்றது. பாவம் குழந்தை என்று தோன்றுவதற்கு முன்னால், இவள் போய்விட்டால் அவன் இந்தப் பக்கம் எதற்கு வருவான் என்றுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதுதான் முதலில் தோன்றியது.

அன்று அவள் ஒரு காரியம் செய்தாள். கிளார்க்குகளால் மட்டுமே செய்ய முடிகிற காரியம். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் படிவத்தை அவளே நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, முகவரி... முத்து முத்தான கையெழுத்தில். கடைசியில் 'குறிப்பு' என்று காலியாக இருந்த கட்டத்தில், நகராட்சிக்காரர்களின் மனம் இளகட்டும் என்று எழுதினாள்: 'தாய் இல்லாத குழந்தை. மாமாவின் வருமானம் போதாது.' அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பட்டாணியின் பையில் வைத்து அனுப்பினாள்.

அடுத்த நாள் அவன் நாலு மணிக்கே வந்தான். அந்தத் தாளை அவள் மேஜைமேல் விரித்து வைத்தான்.

"இது உங்க எழுத்தா?"

"ஆமா... உங்களுக்கு நேரம் கிடைக்கலையேன்னு..."

"எனக்குப் போதாதுன்னு யாரு சொன்னது? பட்டாணி என்னைக்காவது பசியோட வந்தாளா?"

"இல்ல..."

"கிழிஞ்ச சட்டை போட்டுட்டு வந்தாளா?"

"இல்லைங்க."

"அப்புறம் யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். லிஃப்டுக்கு வெளியே நின்று தைரியம் சொன்ன அதே குரல், இப்போது அவளை வெளியே நிறுத்திவிட்டுப் போனது.

மறுநாளிலிருந்து அவனுடைய பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஐந்து மணிக்கே வந்து பட்டாணியைக் கூட்டிப்போனார். ஐந்திலிருந்து ஆறு வரை வகுப்பறையில் யாரும் இல்லை. பூட்டிவிட்டுப் போகலாம்... அவள் போகவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, எழுதி முடித்த பதிவேட்டையே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் பேனா நின்றது. ஒரு நாள், இரண்டு நாள்... ஒன்பது நாள்.

"பிள்ளைங்கதான் எல்லாம் போயாச்சேம்மா" என்றார் வாட்ச்மேன்.

"கொஞ்சம் வேலை இருக்குண்ணே."

ஒன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டுத் தட்டில் அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "யாரும்மா அவன்?"

மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. "கோவத்துல இருக்காரும்மா."

"தப்பு உன்மேலயா, அவன்மேலயா?"

"என்மேலதான்."

"அப்புறம் என் முன்னாடி உக்காந்து மூக்கை உறிஞ்சி என்ன ஆகப்போகுது?" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. படிவத்துக்குக் கடைசி நாள். குளிர்கால விடுமுறைக்கு முன் பள்ளிக்கும் அதுதான் கடைசி நாள். அவன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவுகட்டி, ஐந்தரைக்குக் கைப்பையை எடுத்தாள். நிமிர்ந்தால், வாசலில் அவன் நின்றான். நனைந்திருந்தான். இளைத்தும் இருந்தான்.

"பட்டாணிக்கு டி.சி. வேணும்" என்றான், சுவரைப் பார்த்து. "தையல்காரம்மாவும் எத்தனை நாள் பாத்துப்பாங்க. ஞாயித்துக்கிழமை பெரியப்பா வர்றாரு."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "டி.சி. தர முடியாது."

"ஏன்?"

"எனக்கு இஷ்டமில்ல."

"அப்படி ஒரு ரூல் இருக்கா?"

"இல்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு நான் எழுதுனது தப்பு. உங்களைக் கேக்காம எழுதுனதும் தப்பு. பட்டாணிக்காகத்தான் செஞ்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாதி பொய். அவ போயிட்டா நீங்க இங்க வர மாட்டீங்க. அதை என்னால தாங்க முடியாதுன்னுதான் எழுதுனேன்."

சொல்லிவிட்டாள். இனி வாரிக்கொள்ள முடியாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷமா அவ பெரியப்பா ஒரே பேச்சுத்தான் பேசுறாரு" என்றான். "தனி ஆளு, நேரங்காலம் இல்லாத வேலை, பொண்ணை எப்படி வளர்ப்பான்னு. எனக்குப் போதலன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா... அது அவர் கையில கிடைச்சா? அக்கா போறப்ப என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போன பிள்ளைங்க அவ."

இதுதானா... இதற்குத்தானா. அவளுக்குத் தன் கையெழுத்தின்மேலேயே ஆத்திரம் வந்தது.

"படிவம் அப்படிக் கேக்கவே இல்லைங்க. பேரு, வயசு, வீட்டுல எத்தனை பேரு, எத்தனை பேரு சம்பாதிக்கிறாங்க. அவ்வளவுதான். போதுமா போதாதான்னு எவனும் கேக்கல. அது நானா எழுதுனது."

"கேக்கவே இல்லையா?"

"நீங்க ஒரு தடவையாவது முழுசா படிச்சீங்களா?"

அவள் அலமாரியிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். பேனாவை வாங்கினான். கோணல் மாணலான எழுத்தில், அவனே எழுதினான். வீட்டில் உள்ள குழந்தைகள்: ஒன்று. பெரியவர்கள்: ஒன்று.

அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுப் படித்தான். "குடும்பத்தில் மாற்றம் ஏற்பட்டால் பத்து நாட்களுக்குள் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்... மாற்றம்னா என்ன?"

"யாராவது போனா... யாராவது வந்தா..."

"வந்தா ஆபீஸ்ல யார்கிட்ட சொல்லணும்?"

"என்கிட்டதான்."

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினான்.

"இந்த ஒன்பது நாளும் சாயங்காலம் ஆனா வண்டி தானா இந்தப் பக்கம்தான் திரும்புச்சு" என்றான். "எதிர்க் கடை ஓரமா நிறுத்திட்டுப் பாப்பேன். லைட் எரியும். நீங்க குனிஞ்சு என்னமோ எழுதிட்டு இருப்பீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் உள்ள வரல?"

"எந்த முகத்தோட வர்றது? கோவப்பட்டுப் போனவன் நான்தானே. நீங்க லைட்டை அணைச்சாதான் நானும் கிளம்புவேன்..."

ஒன்பது நாள். ஒரே தெரு. அவள் உள்ளே, அவன் வெளியே. அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை அவளுக்கு.

அவன் அவளை நேராகப் பார்த்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க வீட்டுக்கு நீங்க வரணும்னு ஆசையா இருக்கு. இதை எழுதிக் குடுக்கணுமா, வாயால சொன்னா போதுமா?"

"வாயால சொன்னா போதும்" என்றாள் அவள். பெறப்பட்டது என்ற முத்திரையைப் படிவத்தில் குத்தி, தேதி போட்டாள். அவசரத்தில் தேதி கொஞ்சம் சாய்ந்தது. "ஆனா இன்னொரு தடவை சொல்லுங்க. மழைச் சத்தத்துல சரியா கேக்கல."

நன்றாகவே கேட்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னான்.